கொலுவில் நட்ட பாசி மரங்கள்

மரம் மாதிரியே ஒரு பாசி உண்டு. அதை அடையாளம் காண முதலில் மண்ணைக் கிளற வேண்டும். உதிர்ந்த இலைகளுக்கு அடியில் பழுப்பாக ஒரு தண்டு படுத்தபடி ஓடும். அதிலிருந்து விரல் நீளத்துக்குத் தண்டுகள் நிமிர்ந்து எழும். பாதி உயரம் வரை கிளையே இருக்காது, ஒட்டிக்கிடக்கும் செதில் இலைகள்தான். உச்சியில் கிளைகள் குடை விரித்திருக்கும். இத்தனையும் இன்னும் எனக்கு மனப்பாடம். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசி. தாவரவியல் பட்டப்படிப்பில் கடைசி வருஷம், கொடைக்கானல் கூட்டிப்போனார்கள். அட்டைக்குப் பயந்து மற்றவர்கள் பாதையிலேயே நின்றார்கள். நான் சோலைக்குள் போய் அதை அடித்தண்டோடு எடுத்து வந்தேன். தெற்கு மலைகளில் அந்தப் பாசியை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை; ஊர் திரும்பியபின் சொன்னபோது பேராசிரியர் நம்பவில்லை.

"லீவு முடிஞ்சதும் முழுசா கொண்டாந்து காட்டு. அதுதான்னா எம்.எஸ்ஸி. சீட்டுக்கு நானே பேசறேன்" என்றார்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பரண்மேல் அதைப் பேப்பரில் சுற்றி வைத்தேன். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறை வேலை. நவராத்திரி வந்தால் முதலாளி வீட்டில் கொலு வைக்க அம்மா போயாக வேண்டும். கூலி கிடையாது, சுண்டல் உண்டு. அந்த வருஷம் என் பொட்டலமும் அவளோடு போய்விட்டது.

"பார்க்குக்கு மரம் இல்லன்னு மொதலாளியம்மா மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருந்தாங்கடி. பாசிதானே, நம்ம கெணத்தாண்ட கூட கீது" என்றாள்.

ஓடினேன். காய்ந்து சுருங்கியிருந்தது தண்ணீர் பட்டதும் விரிந்து, செட்டியார் பொம்மைக்குப் பின்னால் பச்சைப்பசேலென்று வரிசையாக நின்றது. நேராக நிற்க வேண்டுமே என்று அம்மா அடியைக் கத்தரித்துக் களிமண்ணில் சொருகியிருந்தாள். வெட்டிய தண்டு குப்பையோடு போய்விட்டது. நான் வாய் திறப்பதற்குள் பின்னாலேயே வந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். சுண்டலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கொலு கலைத்தபின் மிச்சத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அடி இல்லாம எப்படிம்மா ஒத்துக்கறது? ஏதோ பெரிய பாசியோட கிளையா இருக்கும்" என்றார் பேராசிரியர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பட்டம் வாங்கியதும் அதே பட்டறை ஆபீசில் டைப்பிஸ்ட் ஆனேன். எல்லாம் முதலாளியம்மா தயவு என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அடுத்த நவராத்திரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"போன வருஷம் குட்டிக்குட்டி மரமா அழகா இருந்துதே, எந்தக் கடையில வாங்கினே?" என்று முதலாளியம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா முந்திக்கொண்டாள். "கடையில இல்லம்மா. ஊட்ல சும்மா கெடந்துச்சு."