சனிக்கிழமை நோயாளி

சனிக்கிழமை வேலையை நான் விட்டபோது என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊருக்குச் சொல்ல அதில் என்ன இருக்கிறது? கிழமை நாட்களில் மிசிசாகாவில் ஓர் அலுவலகம். நாங்கள் இருக்கும் மில்லிக்கனிலிருந்து நகரத்தின் மறுகோடியான அங்கே போய்வருவதே தனியாக ஒரு வேலை. சனிக்கிழமைகளில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கினேன். ஏன் அடுக்கினாய் என்று கேட்டால், எல்லோரும் எதையாவது அடுக்குகிறார்கள் என்பதைத் தவிர என்னிடம் நல்ல பதில் கிடையாது. எங்கள் ஆட்களிடம் சுகமா என்று கேட்டுப் பாருங்கள். "ஓம், சரியான பிஸி" என்பார்கள். சும்மா இருக்கிறேன் என்று சொன்ன ஒருவரை நான் இந்த ஊரில் இன்னும் காணவில்லை.

முதல் சனிக்கிழமை சொர்க்கமாக இருந்தது. வெயில் ஏறும்வரை படுத்தேன். எழும்பித் தேநீர் குடித்தேன். களைத்துப்போனது போல வந்து கூடத்துச் செற்றியின் மெத்தையில் மறுபடி சாய்ந்தேன். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த நான் காரை மட்டும் மறந்துவிட்டேன். அது பட்டப்பகலில் வீட்டு வாசலில் நின்றது. எங்கள் தெருவில் சனிக்கிழமை பகலில் ஒரு தமிழனின் கார் வாசலில் நின்றால், ஒன்றில் அவனுக்கு வேலை போயிருக்க வேண்டும், அல்லது ஆள் நோயில் விழுந்திருக்க வேண்டும். எதிர்வீட்டு அண்ணை எனக்கு எப்போதும் நல்லதையே நினைப்பவர். நான் விழுந்துவிட்டேன் என்று முடிவெடுத்தார்.

மத்தியானத்துக்குள் எனக்கு நெஞ்சுநோ வந்துவிட்டது. பின்னேரத்துக்குள் அது அடைப்பாகியது. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அந்த அண்ணையே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீர் நடக்கலாமோ?" என்று கேட்டார். கார் நிறுத்துமிடத்திலிருந்து நடந்துதான் வந்திருந்தேன்.

"எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை அண்ணை. வேலையைக் குறைச்சிட்டன், அவ்வளவுதான்."

அவர் முகத்தில் இரக்கம் இன்னும் கூடியது. "ஓமோம். டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம்."

அந்தக் கிழமை முழுவதும் சுகம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். முந்திரிகைப்பழம் வந்தது, ஒரேஞ்ச் வந்தது, மால்ட் மா வந்தது, ஒரு பெரிய போத்தலில் ஆட்டெலும்புச் சூப்பும் வந்தது. வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, என் மனைவியிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சூப்பு நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்கு ஓய்வு. எனக்கு வாற ஆக்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்துற வேலை. இந்தச் சனிக்கிழமையோட இதை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி பேசாமல் பெட்டி அடுக்கப் போங்கோ."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நான் ஒரேயொரு சனிக்கிழமைதான் அனுபவித்திருந்தேன். அதற்குள் பறிபோகப் பார்த்தது.

அந்தச் சனிக்கிழமை காலை செபக்குழு வந்து இறங்கியது. குழுவை நடத்துகிற அன்ரி வெள்ளி இரவு முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு, சனி பின்னேரம் வோபர்னில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் சுற்றப் போகிறவர். இடையில் கிடைக்கும் நேரத்தில் நோயாளிகளுக்காகச் செபமாலை சொல்வார். என்னை நடுவில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை என்று நான் எழுந்து நின்றேன்.

"அன்ரி, எனக்கு வருத்தம் ஒண்டுமில்லை. சனிக்கிழமையில சும்மா இருக்க ஆசை. அதுதான் வேலையை விட்டனான்."

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மா எண்டால், என்ன செய்வீர்?"

"ஒண்டும் செய்யமாட்டன்."

"பிறகு?"

"பிறகும் ஒண்டும் செய்யமாட்டன்."

அன்ரி செபமாலையைக் கையில் எடுத்தார். பிறகு குழுவின் பக்கம் திரும்பி, "அப்ப இண்டைக்கு, தம்பிக்குத் திரும்ப வேலையில மனம் வரவேணும் எண்டு மன்றாடுவம்" என்று சொல்லி, செற்றியில் அமர்ந்து சிலுவை அடையாளம் போட்டார். என் வீட்டில், என் சனிக்கிழமையில், எனக்கு எதிராகவே செபம் தொடங்கியது. நானும் சேர்ந்துதான் பதில் சொன்னேன். வேறு என்ன செய்வது?

செபமாலையில் தேவரகசியம் என்று ஐந்து பகுதிகள். ஒவ்வொரு செபத்திலும் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். மூன்றாவது தேவரகசியத்தில் அன்ரியிடமிருந்து முதல் பாதி வரவில்லை. காத்திருந்தோம். அவர் ஆழ்ந்த தியானத்தில் இருக்கிறார் என்று நினைத்துச் சிலர் இன்னும் பக்தியாகத் தலையைக் குனிந்தார்கள். அப்போதுதான் குறட்டை கேட்டது.

பக்கத்தில் இருந்தவர் அன்ரியின் தோளைத் தட்டப் போனார். என் மனைவி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "விடுங்கோ, அவ படுக்கட்டும்." எல்லோரும் மெல்ல எழுந்து, சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். மனைவி ஒரு போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டார். வாய் சற்றுத் திறந்தபடி அன்ரி தூங்கினார். செபமாலை விரல்களுக்கிடையில் அப்படியே இருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது. இரவு முழுவதும் நின்று வேலை செய்த மனுசி எனக்காகச் செபிக்க வந்திருக்கிறார்.

பின்னேரம் அவர் திடுக்கிட்டு விழித்து, "எத்தினையாம் தேவரகசியத்தில நிக்கிறம்?" என்று கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சுது அன்ரி" என்றார் மனைவி.

அன்ரி மணிக்கூட்டைப் பார்த்தார். கடைக்கு நேரம் தப்பிவிட்டது. கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடியவர், வாசலில் நின்று, "நான் நித்திரையானதை ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தேன். அன்ரி தனியாக நின்றார். குழுவும் இல்லை, பழங்களும் இல்லை. கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, உமக்கு இன்னும் சுகம் வரேல்லைத்தானே?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. என் தோளுக்கு மேலால் செற்றியைப் பார்த்துக் கேட்டார். சுகமாகத்தான் இருக்கிறேன் என்று ஊரெல்லாம் தொண்டை வற்றக் கத்தியவன் நான்.

"இல்லை அன்ரி" என்றேன். "இது கொஞ்சம் இழுக்கிற வருத்தம்."

மனைவி அதற்குள் தலையணை எடுக்கப் போய்விட்டார்.

"அப்ப ஒவ்வொரு சனியும் வந்து செபிக்கத்தான் வேணும்" என்று சொல்லிக்கொண்டு அன்ரி சப்பாத்தைக் கழற்றினார்.