நூல் அறுந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது

வீரபாண்டியில் நான் வேலை பார்க்கும், பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனிக்குப் பக்கத்துச் சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. விபத்தைப் பார்த்தவர்களின் பயம் ஹிப்னாட்டிசத்தால் தெளியுமா என்று ஒரு டாக்டரம்மா சோதித்துப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, மனைவி என்னை இழுத்துப் போனாள். தெருவில் காட்டுகிற மோடி வித்தைக்கா என்னைக் கூட்டிப் போகிறாய் என்று வழியெல்லாம் அவளைத் திட்டினேன்.

டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். "ஆத்தங்கரைல உக்காந்திருக்கீங்க. சுத்தி ஒரு சத்தமும் இல்ல."

எனக்கு வியர்த்துக் கொட்டியது. எழுந்து கத்திவிட்டேன். "சத்தம் நின்னாத்தானுங்க எனக்குப் பயமே!"

அன்று வெடித்ததும் கரண்ட் போய், எங்கள் மெஷின்கள் மொத்தமாக நின்றன. அந்த அமைதியில்தான் சுவருக்கு அப்பாலிருந்து அலறல் கேட்டது. இதை டாக்டரம்மாவிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

நான் கத்தியதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுவாரம் நான் போவதற்குள், எங்கள் கம்பெனிக்கே வந்து மெஷின் சத்தத்தைச் செல்போனில் பதிவுசெய்து வைத்திருந்தார். அதை ஓடவிட்டுச் சொன்னார்: "எல்லா மெஷினும் ஓடுது. நூல் அறுந்தா நான் பாத்துக்கறேன். நீங்க கண்ணை மூடுங்க."

எங்கே நூல் அறுகிறதென்று கண்கொட்டாமல் பார்த்தபடி மெஷின் முன்னால் நின்ற இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

மீதியை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாற்காலியிலேயே நான் குறட்டை விட்டேனாம். டாக்டரம்மா என்னை எழுப்பவில்லையாம். செல்போனை என் பக்கத்திலேயே ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அடுத்து வந்தவரிடம் வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினாராம்.