சீமைக்கு நேர்ந்துவிட்ட தொட்டில்

பர்மிங்காமில் எங்கள் பக்கத்து வீட்டில் மிஸஸ் ஹாப்கின்ஸ் என்று ஒரு மூதாட்டி இருக்கிறார். தினமும் காலையில் பிராம் என்கிற குழந்தைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உலாவப் போவார். உள்ளே கம்பளிக் குல்லாயும் போர்வையுமாக ஏதோ ஒன்று படுத்திருக்கும். வந்த புதிதில் ஒரு நாள், பேரக்குழந்தை போலிருக்கிறது, பார்க்காமல் போனால் மரியாதையில்லை என்று நானே வழிமறித்தேன். நம்மூர் வழக்கப்படி இரண்டு கையாலும் வண்டியைச் சுற்றி, என் நெற்றிப்பொட்டில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தேன். குழந்தை குல்லாயைத் தூக்கிப் பார்த்துக் குரைத்தது. நடக்கமுடியாத கிழட்டு நாய், பெயர் டெய்சி. மிஸஸ் ஹாப்கின்ஸோ என் நெற்றியையே கவலையோடு பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய் ஒரு தலைவலி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி விழுங்கினேன். அதுவும் மரியாதைதானே.

அதோடு விட்டேனா? "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று என் இங்கிலீஷில் கேட்டேன். இந்த நாட்டில் அது கேட்கக்கூடாத கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கொஞ்சம் யோசித்து, அதற்கு நேரம் வாய்க்கவில்லை என்றார். சொல்லிவிட்டு, மாலையில் மழை வரலாம் என்றார். வீட்டுக்கு வந்து கமலத்திடம் சொன்னேன். என் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படிச் சிரித்தாள். "நேரமில்லன்னு சொன்னாங்களா? ஊர்ல இப்படி ஒரு பதில் இருக்குன்னு நமக்குத் தெரியாமப் போச்சே!"

தெரிந்திருந்தாலும் அங்கே செல்லாது. நான் அப்போது திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வாத்தியார். (இங்கே பஸ் கண்டக்டர். அங்கே பையன்கள் நான் சொன்னதைக் கேட்கவில்லை, இங்கே பயணிகளுக்கு நான் சொல்வது விளங்கவில்லை. தொழில் பெரிதாக மாறவில்லை.) கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஊர்ப்பக்கம் போக ரெட்டியார்சத்திரம் பஸ்ஸுக்கு நின்றால், தக்காளிக் கூடைக்கார அம்மா முதலில் கமலத்தின் வயிற்றைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை. "விசேஷம் எதும் உண்டா தாயி?" முடிதிருத்துகிறவர் என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு, "என்ன வாத்தியாரே, இன்னும் ஒண்ணையும் காணமே?" என்பார். அந்த நிலையில் யாராயிருந்தாலும் "வரும், வரும்" என்றுதான் சொல்லமுடியும். அப்படி ஊர் முழுக்க வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினேன். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு வருஷம் பிள்ளை வரவில்லை. அப்புறம் வா என்று நாங்களும் கூப்பிடவில்லை. இருவரும் வேலைக்குப் போனோம், சிரித்தோம், சண்டை போட்டோம். குறை எங்கே என்று தேடினால், ஊரிலிருந்து வரும் கடிதத்தில்தான் இருந்தது.

ஆறு வருஷம் கழித்துப் போன கோடையில் விடுப்பில் ஊருக்குப் போனோம். திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கியதும் என் அக்கா பழனியம்மா, ஐந்து பிள்ளை பெற்றவள், இடுப்பில் ஆறாவதோடு நின்றாள். ஆறாவது எங்களுக்குப் புதுச் செய்தி. விசாரிக்க வாய் திறப்பதற்குள் அதைக் கமலத்தின் கையில் திணித்தாள். "இந்தா, ஒம் புள்ள. இம்புட்டு நாளு வளத்தாச்சு, நீயே வச்சுக்க." 'ஒம் புள்ள' உடனே கமலத்தின் சீமைக் கோட்டை நனைத்தது.

நடந்தது இதுதான். எங்களுக்காக என் அம்மா, அம்மன் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதாக நேர்ந்திருக்கிறாள். பிள்ளை வேண்டுகிறவள் தன் கையால் சின்ன மரத்தொட்டிலை மரக்கிளையில் கட்டி ஆட்டிவிட வேண்டும். கமலம் இருப்பதோ பர்மிங்காமில். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே கமலத்துக்குப் பதிலாக அக்காவை அனுப்பியிருக்கிறாள். "தம்பி பொண்டாட்டிக்காகக் கட்டுறேன் சாமி" என்று சத்தமாகச் சொல்லித்தான் கட்டினாளாம் அக்கா. அம்மன் வாயைக் கவனிக்கவில்லை, கையைத்தான் பார்த்திருக்கிறாள். வருஷம் திரும்புவதற்குள் ஆறாவது.

இதில் அதிகம் நொந்தது அக்காவின் புருஷன், என் மச்சான். அவருக்கு அரசாங்க ஆபீசில் கடைநிலை வேலை. கிராமம் கிராமமாகப் போய்ச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து, தகரக் குழாயில் அளவான குடும்பம் பற்றிக் கத்துவது அவர் பொறுப்பு. "எரியோட்டுல போயிப் பேசுறேன் மாப்ள. ஒரு கெழவி எந்திரிச்சு, 'அப்பு, ஒனக்கு எத்தன?'ன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல? கொழாயக் கீழ வச்சுட்டு வந்துட்டேன்." பயலுக்கு முருகன் என்று பெயர் வைத்திருந்தும் ஊரே லண்டன் என்றுதான் கூப்பிட்டது. அவன் எங்களுக்கு வந்த பார்சல், விலாசம் மாறி இறங்கிவிட்டது. எடுத்துக்கொண்டு போக வேண்டியது எங்கள் பொறுப்பு. வீட்டில் தீர்ப்பு தயாராக இருந்தது.

கமலம் நான்கு நாளும் அவனை இறக்கவில்லை. நானோ அவனுக்குப் பாஸ்போர்ட் வாங்கும் வழியை யோசிக்கத் தொடங்கிவிட்டேன். மறுத்துப் பேசும் தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஐந்தாம் நாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அம்மாவே ஆரம்பித்தாள்.

"கமலம், என்ன முடிவு பண்ணுன? பொண்ணாப் பொறந்தா புள்ள பெத்துப் போடணும். அது கடம. நாங்கள்லாம் ஆசப்பட்டா பெத்தோம்?"

"அப்ப என்னைய?" என்றேன்.

"ஒன்னையவா? ஒங்க அக்கா வெளையாட ஆளில்லாம அழுதுக்கிட்டே கெடந்தா. சரின்னு பெத்தேன்."

இத்தனை வருஷம் வம்சத்தை விளங்கவைக்கப் பிறந்தவன் என்று நினைத்திருந்தேன். பொம்மை வாங்கச் சோம்பல்பட்டுப் பெற்றிருக்கிறார்கள். மச்சான் சிரித்ததில் அவருக்குப் புரையேறியது.

அந்தச் சத்தத்தில் லண்டன் விழித்துக்கொண்டு வீறிட்டான். கமலம் தோளில் போட்டுத் தட்டினாள், அடங்கவில்லை. அக்கா பரிமாறிக்கொண்டிருந்தவள், வெஞ்சனக் கிண்ணத்தை அப்படியே என் மடியில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். அவளுடைய ரவிக்கை நனைந்திருந்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அழுகை நின்றது. ஐந்து நாளாக "வச்சுக்க, வச்சுக்க" என்று வேடிக்கை பேசியவள், யாரும் பிள்ளையைக் கேட்டுவிடக் கூடாதே என்று முந்தானையால் அவனை இழுத்து மூடிக்கொண்டாள்.

கமலம் தன் வெறும் கையை ஒருமுறை பார்த்தாள். "மதினி, கட்டுனது நீங்க, சொமந்தது நீங்க. அம்மன் சரியான வீட்டுக்குத்தான் குடுத்திருக்கா. நாங்க கொண்டுபோகல." பிறகு அம்மாவைப் பார்த்து, "அத்த, பொறக்காத புள்ள என்னையப் பெறச் சொல்லிக் கேட்டுச்சா? அதுக்கு எனக்கு என்ன கடம? இந்தா, பொறந்து கெடக்கானே இந்தப் பய, கடமன்னா இவனுக்குத்தான். நம்ம அம்புட்டுப் பேருக்கும்."

அம்மா ரசம் ஊற்றச் சொன்னாள். எங்கள் வீட்டில் தோல்வியை ஒப்புக்கொள்கிற முறை அது.

ஆனால் தொட்டில் விஷயத்தில் மடங்கவில்லை. மச்சான் அதை அன்றைக்கே அவிழ்க்க வேண்டும் என்று குதித்தார். "அது தொங்குற வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல அத்த! ஏழாவது வந்துச்சுன்னா என்னையவே சுவத்துல வரஞ்சு வச்சுருவாங்க." அம்மாவோ, "சீமைக்குன்னு நேந்தது, இன்னும் சீமைக்குப் போய்ச் சேரல. அவுக்க விடமாட்டேன்" என்றாள். கடைசியில் கமலமே போய் மரத்திலிருந்து தன் கையால் அவிழ்த்து வந்து பெட்டியில் வைத்தாள். போய்ச் சேர வேண்டும் என்றவளுக்கும், மரத்தில் இருக்கக் கூடாது என்றவருக்கும் திருப்தி.

இப்போது அது பர்மிங்காமில் எங்கள் சமையலறை ஜன்னலில் தொங்குகிறது. கமலம் அதில் பூண்டு போட்டு வைத்திருக்கிறாள். பூண்டு உலர்த்த இப்படி ஓர் அழகான முறையா என்று மிஸஸ் ஹாப்கின்ஸ் வியந்தார். டெய்சி முகர்ந்துவிட்டுத் தும்மியது. மச்சான் கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறார்: தொட்டில் ஆடாமல்தானே இருக்கிறது? கட்டிய கை அக்காவுடையது என்பதை அவர் மறக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் இங்கத்திய ஈரக்காற்று அதை ஆட்டுகிறது. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் ஒரு மனிதர் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார் என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

சில நாள் காற்றே இருக்காது. நான் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது, கமலம் ஜன்னலருகே நின்று ஒரு விரலால் அதை மெல்லத் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பாள். பூண்டு இந்தப் பக்கம் உருண்டு, அந்தப் பக்கம் உருளும். நான் வாசலிலேயே நின்று ஒரு தரம் இருமிவிட்டு உள்ளே போவேன். மச்சானுக்கு எழுதும்போது மட்டும், அசையாமல் இருக்கிறது என்றே எழுதுகிறேன்.