சேனைக்கு ஒரு கம்பி, ஆட்டுக்கு ஒரு கம்பி

என் மகளுக்கு மூன்று வயது நிறைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் தாராவியில் என் அண்ணனுடைய வெல்டிங் பட்டறைக்கு விடுமுறை. முன்வாசலின் சிமெண்ட் தரை முழுவதும் எங்களுக்குத்தான். அண்ணன் துபாயில் வேலை பார்த்த காலத்தில் முழு ஆட்டைக் கம்பியில் கோத்துச் சுடுவதைப் பார்த்துவிட்டு வந்தவன். தம்பி மகளுக்கு ஒரு பிறந்தநாளாவது அப்படிச் செய்தே தீர வேண்டும் என்று அவள் பிறந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

என் கவலை ஆட்டைப் பற்றி அல்ல, மாமனாரைப் பற்றி. என் மனைவி மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள், சுத்த சைவக் குடும்பம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் வரவில்லை. பேத்தி பிறந்த பிறகு செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அவர் வந்த தேதிகளை எழுதி வைத்திருக்கிறேன். அன்றுவரை பதினோரு முறை. பதினோரு முறையும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. என்னிடம் நேராகப் பேசியதும் இல்லை. மனைவியை இழந்து தனியாக இருக்கும் மனிதர். குழந்தையோடு ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"இந்தத் தடவை அப்பா ஒரு வாய் சாப்ட்டாப் போறும்" என்றாள் மனைவி. அவர் சாப்பிடுவதைப் பற்றி அவள் அதற்கு முன்பு பேசியதே இல்லை.

ஆகவே திட்டம் போட்டேன். அண்ணன் ஒரு பீப்பாயை நீளவாக்கில் பிளந்து இரண்டு அடுப்புகள் செய்தான். கம்பியும் இரண்டு. ஒன்று ஆட்டுக்கு. மற்றது இறைச்சி படாத புதுக் கம்பி. அதில் சேனைக்கிழங்கும் பனீரும் அன்னாசியும். மாமனாரைப் பன்னிரண்டரைக்கு வரச் சொல்லியிருந்தோம். பன்னிரண்டுக்குள் ஆட்டை இறக்கி, உள்ளே கொண்டுபோய் வெட்டி, மூடி வைத்துவிட வேண்டும். அவர் வரும்போது வாசலில் சேனை மட்டும் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கரி மூட்டுவதில் தொடங்கி, கால் மணிக்குக் கால் மணி என்ன நடக்க வேண்டும் என்று நோட்டில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையில் மெகா பிளாக் உண்டு, பராமரிப்பு வேலைக்காகச் சில மணி நேரம் ரயில் ஓடாது என்பதை மட்டும் எழுதவில்லை. மும்பையிலேயே வளர்ந்தவன் மறக்கக் கூடாத விஷயம். மாமனார் மறக்கவில்லை. ரயிலை நிறுத்துவதற்கு முன்பே லோக்கல் பிடித்து, சயானில் இறங்கி நடந்து, பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் பேத்திக்கு ஒரு பெரிய பொட்டலம்.

அந்த நேரத்தில் ஆடு எங்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் பாதிச் சுற்று வரைக்கும் கனக்கும். அதைத் தாண்டியதும் தொப்பென்று விழும். எங்கே விட்டாலும் முதுகுப்பக்கமே கீழே வந்து நிற்கும். முதுகு கருகிக்கொண்டிருந்தது, வயிற்றுப்பக்கம் இன்னும் பச்சை.

"ஏல, ஒன் நோட்டுல இதுக்கு எத்தன மணி போட்டிருக்க?" என்று அண்ணன் கேட்டான்.

அப்பாவைப் பார்த்ததும் மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி பத்தடி தள்ளி நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஆட்டின் மேல் கண் படாமல், கம்பியின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வே பட்டறையில் முப்பத்தொரு வருஷம் சக்கரங்களின் சமநிலையைச் சோதித்தவர். ஒவ்வொரு முறை ஆடு தொப்பென்று விழுந்தபோதும் அவர் தோளும் சேர்ந்து குலுங்கியது. ஐந்தாவது முறை அவரால் பொறுக்க முடியவில்லை. நேராக அண்ணனிடம் வந்தார்.

"கையை எடுங்கோ. சும்மா விடுங்கோ. எந்தப் பக்கம் கீழ வரதுன்னு பாக்கணும்."

"பொகை அடிக்கி மாமா. நீங்க அங்கிட்டு உக்காருங்க" என்றான் அண்ணன்.

"பொகை கெடக்கு. கிளாம்ப் இருக்கா?"

இருந்தது. அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனையில், கனமான பக்கத்துக்கு நேர் எதிராக கிளாம்பை முடுக்கச் சொன்னார். அதில் பெரிய நட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டச் சொன்னார். ஒன்று கூட்டி, விட்டுப் பார்த்து, ஒன்று குறைத்து, மறுபடியும் விட்டுப் பார்த்தார். கடைசியில் கம்பி எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நின்றது.

அதைச் சரிபார்க்க அவரே கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. இறைச்சியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சுற்றினார்.

"ஒரு சுத்துக்கு இருபது செகண்ட். எழுதிக்கோங்கோ, மாப்பிள்ளை."

எழுதினேன். அதைச் சொன்ன நேரத்தையும் எழுதினேன்: பத்து நாற்பத்தெட்டு. அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டறைக்குள் போனான்.

அவனோ நானோ கைப்பிடியைக் கேட்டபோதெல்லாம், எங்களுக்கு வேகம் வராது என்று மறுத்துவிட்டார். பதினொன்றரைக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுற்றுவதை நிறுத்தாமல், என் மனைவியைப் பார்த்துக் கொஞ்சம் ஜலம் கேட்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். எதில் கொடுப்பது என்று யோசித்திருக்க வேண்டும். என் அண்ணி பட்டறையில் புழங்கும் எவர்சில்வர் சொம்பைக் கழுவி, நிரப்பி, அவள் கையில் கொடுத்தாள். மாமனார் அண்ணாந்து, உதட்டில் படாமல் முழுவதையும் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார்.

நான் அடுத்த அடுப்பில் சேனையைச் சுட்டு முடித்தேன். ஆடு ஒரு மணிக்குத்தான் இறங்கியது. முதுகில் கருகியதைச் செதுக்கி எறிந்தபின் மற்ற இடமெல்லாம் ஒரே பதமாக வெந்திருந்தது. எல்லாரும் பார்க்க வாசலிலேயே வைத்து வெட்டினோம். மாமனார் முழங்கை வரை கழுவிக்கொண்டு, எங்களிடமிருந்து சற்றுத் தள்ளி, பேத்தியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் சேனையைத் தட்டில் வைத்து, இதற்குக் கம்பி வேறு, அடுப்பும் வேறு என்று விளக்க ஆரம்பித்தேன்.

"தெரியும். பாத்தேனே" என்றார்.

ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். மனைவி அவர் எதிரில் வெறும் தட்டோடு நின்றாள். அண்ணி பரிமாறுவதை நிறுத்தியிருந்தாள்.

"உப்பு பத்தல" என்றார் மாமனார்.

மனைவி உள்ளே ஓடினாள். அவள் உப்போடு திரும்பியபோது அவர் இரண்டாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.