இல்டா வந்துருச்சு!

போன வாரம் ஒரு நல்ல சேதி சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பாம்பனில் எனக்கு அடுத்த வீடு சேவியர் அண்ணனும் மேரி அக்காவும். பெண் பிறந்தால் வைக்கச் சொல்லி பங்குச் சாமியார் ஒரு பேர் கொடுத்திருந்தார் — ஹில்டா. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் இங்கிலாந்தில் வாழ்ந்த புனிதையாம். ராஜாக்களே வந்து யோசனை கேட்பார்களாம்! பிள்ளைதான் பிறக்கவில்லை. பேரை வீணாக்குவானேன்? மீன்பிடி வள்ளத்துக்கு வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் வாயில் 'ஹ' எங்கே நுழையும்? இல்டா! மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த எனக்கு அதுதான் வசதி.

வியாழக்கிழமை காலையில் திடீர்க் காற்று. கடலுக்குப் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மத்தியானமாகியும் அண்ணன் போன இல்டாவைக் காணோம். சில வள்ளங்கள் எதிர்க்கரை மண்டபம் ஊரில் ஒதுங்கியிருப்பதாகப் பேச்சு. அங்கே இருக்கும் கூட்டாளி அந்தோணிக்கு போன் போட்டேன்.

"ஏலே, இல்டா அங்கன வந்துருக்கா?"

ஒரே காற்று இரைச்சல். நடுவில் அவன் குரல்... "இல்டா... இல்டா..."

லைன் கட். ஓடினேன்.

"யக்கா! இல்டா வந்துருச்சு! மண்டபத்துல நிக்கிது!"

அக்கா அழுதுகொண்டே சிரித்தது. "வரட்டும் அந்த மனுசன்... இனிமே காத்துல போவியான்னு காதத் திருகுறேன்." கையோடு அடுப்பில் உலை வைத்தது.

தேடப் போகக் கிளம்பி நின்ற வள்ளக்காரர்கள் கயிற்றைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பொழுது சாய அந்தோணியே வந்தான். நான் ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"செவிட்டுப் பயலே! இல்லடா, இல்லடான்னுல்ல கத்துனேன்!"

மறுபடி கயிற்றை அவிழ்த்தார்கள். அதற்குள் இருட்டிவிட்டது. இன்னும் தேடுகிறார்கள்.

காதுக்கு என்ன தெரியும்? மனசு எதற்கு ஏங்குகிறதோ, அதை மட்டும்தான் உள்ளே விடுகிறது.

அன்று ராத்திரியே அந்தோணியைக் கூட்டிக்கொண்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டும், விளக்குமாற்றை எடுக்கும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அக்கா திட்டவில்லை. உலையையும் இறக்கவில்லை.

"இன்னொருக்கா போன் போடுய்யா... அந்தப் பய இல்டான்னுதான் சொல்லிருப்பான்."

போட்டேன். பக்கத்தில் நின்ற அந்தோணியின் சட்டைப் பையில் மணி அடித்தது.