திருப்பிக் கொடுத்த ரேடியோ

கன்னடச் சீமையில், இந்த ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவரிடம் முதலில் ஊரைக் கேட்பதில்லை, உறவைக் கேட்பதில்லை. "சம்பளம் எந்தத் தேதிங்க?" என்றுதான் கேட்கிறார்கள். மளிகைக்கடை ஷெட்டியும் அதைத்தான் கேட்டார், துணிமூட்டைக்காரரும் அதைத்தான் கேட்டார். குடியாத்தம் பக்கத்து நம் ஊரில் சம்பளத் தேதி என்று ஒன்று ஏது? அறுப்பு இருந்தால் நெல், இல்லாவிட்டால் கூழ். நம்மை நம்பிக் கடன் கொடுக்கவும் ஆளில்லை. கடன் ஏழை வீட்டுச் சங்கதி என்று நினைத்துத்தான் நான் ரயிலேறினேன். இங்கேயோ மாதச் சம்பளம் வருகிற வீட்டில்தான் கடன். மில்லில் கூலி ஏறுவதற்குள் வாடகை ஏறிவிடுகிறது, அரிசி ஏறிவிடுகிறது. கையில் மிஞ்சாதவனுக்கும் சரக்கு விற்றாக வேண்டுமே, அதற்குத் தவணை. கடைக்காரனுக்கு நம் வயிறு தெரிய வேண்டாம், தேதி தெரிந்தால் போதும்.

மகன் மாணிக்கமும் மருமகளும் விடிந்ததும் மில்லுக்குப் போய்விடுவார்கள். பிறகு நானும் நாலு சுவரும்தான். குழாயடியில் கன்னடப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதோடு பேச்சு முடிந்தது. இதைப் பார்த்துத்தான் மாணிக்கம் தவணையில் ஒரு ரேடியோ வாங்கி வந்தான். "பகலெல்லாம் ஒண்டியா கெடக்கறியேம்மா. தமிழு பேசும், கேளு" என்றான். நன்றாகத்தான் பேசியது. ஆனால் அதற்காக அவன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனான். இரவல் வாங்கிய உலக்கையைக்கூட நாலு பேர் பார்க்கத் திருப்பிக் கொடுத்துப் பழகியவள் நான். ஒரு ஞாயிறன்று ஜட்கா பிடித்து, பட்டப்பகலில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு போய்க் கடையில் இறக்கினேன். "கட்டினது கட்டினதுதாம்மா, திரும்பி வராது" என்றார் கடைக்காரர். போகட்டும் என்று தலைநிமிர்ந்து வந்தேன்.

மறுநாள் அரிசிக்குப் போனால் ஷெட்டி படியைத் தொடவில்லை.

"ஏனம்மா, ரேடியோ ஜப்தி ஆயிடுச்சாமே? இனிமே காசு குடுத்து வாங்கிக்கோங்க."

"ஜப்தியா? நானே கொண்டுபோய்க் குடுத்தேன்யா!"

"யாரும்மா தானா குடுப்பாங்க?"

மில்லிலிருந்து வந்து பின்னால் நின்ற, தமிழ் பேசும் பக்கத்து வீட்டு ராஜம்மா என் தோளைத் தடவினாள். "உடு ஆயா. எங்க வூட்டுத் தையல் மெஷினும் இப்படித்தான் ஜட்கா ஏறுச்சு." ஷெட்டி சொன்னதைவிட அந்தத் தடவல்தான் எனக்கு எரிந்தது.

மாணிக்கம் என்னைத் திட்டவில்லை. சம்பளத் தேதி தூரத்தில் இருந்தது, அரிசிப் பானை காலி. ரேடியோ திரும்பி வந்தால்தான் ஷெட்டி கணக்கு திறப்பார் என்று அவனுக்குத் தெரியும். இந்த ஊர் கடன் இருக்கிறவனைத்தான் நம்புகிறது. இருவரும் போனோம். கடைக்காரர் முன்னைவிடக் கூடுதலாகத் தவணை போட்டார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"இந்தத் தடவை அம்மாவும் ஜாமீன் நிக்கட்டும். அப்பத்தான் திருப்பிக் கொண்டாரமாட்டாங்க."

மாணிக்கம் சிரித்தான். கைநாட்டுக்கு மசிப்பெட்டியையும் நகர்த்தினார் கடைக்காரர். நான் பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாக முனியம்மாள் என்று எழுதினேன்.

அன்று மாலையே ஷெட்டி அரிசி அளந்தார். ஊரில் பட்டாவிலோ பத்திரத்திலோ என் பெயர் இருந்ததில்லை. இங்கே ஒரு காகிதத்தில் இருக்கிறது. கடைசித் தவணை கட்டியதும் அதைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்களாம். அதுவரைக்கும் நான் இந்த ஊர்க்காரி.