வராதவர்களின் தொலைபேசி எண்கள்

“மழை பெஞ்சுதா அங்க?” என்றுதான் சஞ்சுக்தா போனில் ஆரம்பிக்கிறார். அடுத்தது மாடு. அதற்கடுத்து வெற்றிலைக் கொடிக்கால். நோயாளியின் கால் பற்றிய பேச்சு நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் வரும். எடுத்தவுடன் “எப்ப வரீங்க?” என்று கேட்டால் மறுமுனையில் வைத்துவிடுவார்கள் என்பது சஞ்சுக்தாவின் பதினேழு வருட அனுபவம்.

கட்டாக்கில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. அதன் எலும்புப் பிரிவின் பதிவேடு அவர் பொறுப்பு. மருந்து ஏற்ற நாள் குறித்துக்கொண்டு போய்விட்டு அந்த நாளில் வராமல் இருந்துவிடுகிறவர்களைத் தேடிப் பிடிப்பதும் அவர்தான். போனைத் தொடுமுன் வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளித்து வருவார். “மென்னுக்கிட்டே பேசினா போலீஸ்காரன் குரல் மாதிரி இருக்கும்” என்பார். நோயாளியே போனை எடுத்துவிட்டால் அவர் தோள்கள் நிம்மதியில் சற்றுத் தளரும்.

இந்த எலும்புப் புற்று அபூர்வமானது. வளர்கிற பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. யார் பிழைக்கிறார்கள், யார் இல்லை என்று டாக்டர்கள் ஆராய்கிறார்கள். அதற்காகப் பதிவேட்டில் கட்டங்கள் உண்டு. எந்த எலும்பு, கட்டி எத்தனை சென்டிமீட்டர், வலி தொடங்கி எத்தனை மாதம் கழித்து வந்தார்கள், நுரையீரலுக்குப் போயிருக்கிறதா, மருந்துக்குப் பின் கட்டியில் எவ்வளவு செத்தது. கடைசியில் சஞ்சுக்தா பென்சிலால் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்: வீட்டில் முடிவு சொல்வது யார்?

“மாவுசி, இங்க என்ன வரன் பாக்கறீங்களா?” என்று இளம் டாக்டர் மிஸ்ரா சிரித்தார். அங்கே எல்லோருக்கும் அவர் மாவுசி, அதாவது சித்தி.

“நீங்க கட்டியை அளங்க, டாக்டர் பாபு. நான் பெரியப்பாவை அளக்கறேன்.”

லிலிமாவின் கட்டத்தில் ‘அப்பா’ என்று எழுதியிருந்தது. கேந்திராபடா பக்கத்துப் பெண், பதின்மூன்று வயது. முட்டி வீக்கத்தைக் குளத்துப் படியில் வழுக்கியதால் வந்தது என்று எண்ணெய் தடவி, நாட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, இரண்டு மாதம் கழித்து மார்ச்சில் வந்தார்கள். இரண்டு முறை மருந்து ஏறியது. வீக்கம் பாதியானது. மூன்றாவது முடிந்ததும் முட்டி எலும்பை எடுத்துவிட்டு உலோகம் வைப்பதாக ஏற்பாடு. மூன்றாவது மருந்துக்குக் குறித்த நாளில் அவர்கள் வரவில்லை. மறுநாள் சஞ்சுக்தா கூப்பிட்டபோது லிலிமாவே எடுத்தாள்.

“மாவுசி, நான் ஊஞ்சல்ல இருக்கேன்! கால் வலிக்கவே இல்ல!” பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அப்பா பைதர் ஸ்வாயின் போனை வாங்கினார். “ரஜப் பண்டிகை மாவுசி. மூணு நாள் பொண்ணு மண்ணுல வெறுங்கால் வைக்கக் கூடாது. அடுப்புல பிட்டாப் பலகாரம் வெந்துக்கிட்டு இருக்கு. வீக்கம்தான் இறங்கிடுச்சே, நீங்களே பாத்தீங்களே.”

“மண்ணுல படாம தோள்ல தூக்கிட்டு வாங்க, அண்ணா. கட்டி தூங்குது, சாகல. முழிச்சா முட்டியோட நிக்காது.”

“ரஜ முடிஞ்சதும் வந்துடறேன். ஜகன்னாதர் மேல ஆணை.”

ரஜ முடிந்ததும் விதைப்பு வந்தது. விதைப்பு முடிந்ததும் தேர். சஞ்சுக்தா பதினோரு முறை கூப்பிட்டார். கடைசி நாலு முறை யாரும் எடுக்கவில்லை.

ஆகஸ்டில் லிலிமாவைக் கயிற்றுக் கட்டிலோடு வண்டியில் ஏற்றி வந்தார்கள். முட்டி முன்பைவிடப் பெரிதாக இருந்தது. மார்புப் படத்தில் காசு காசாக வெள்ளைப் புள்ளிகள். அறுவை இனி எதற்கு என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள்.

“எங்க மேல கோவமா, மாவுசி?” என்று லிலிமா கேட்டாள்.

“இருக்காதா? ஊரெல்லாம் பிட்டா தின்னீங்க, எனக்கு ஒரு துண்டு கொண்டு வந்தியா?”

அவள் சிரித்தாள். பைதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வருட முடிவில் கட்டங்களை நிரப்பியாக வேண்டும். ஜனவரியில் ஒரு மத்தியானம் சஞ்சுக்தா அந்த எண்ணை அழைத்தார். அதே பிரிவில் எழுத்தரான என் மேசை அவருக்கு எதிரில். குரலைக் கேட்டதுமே பைதர் பேசத் தொடங்கிவிட்டார்; அவர் பேசுவது எனக்கே கேட்டது.

“போயிட்டா மாவுசி. மார்கசிர மாசம், வியாழக்கிழமை காலையில. அவ அம்மா வாசல்ல லட்சுமி பாதக் கோலம் போட்டுக்கிட்டிருந்தா.”

சஞ்சுக்தா தேதியை எழுதிக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. ரஜ அன்னிக்கு நான் தூக்கிட்டு வந்திருந்தா, பொழைச்சிருப்பாளா?”

லிலிமாவின் கோப்பு அவர் மேசையில் விரிந்து கிடந்தது; அதில் இருந்ததை நான் பிறகுதான் படித்தேன். மேலே, மார்ச் மாதத்து மார்புப் படத்தின் குறிப்பு: நுரையீரல் சுத்தம். பக்கத்தில் டாக்டரின் கையெழுத்து: நல்ல வாய்ப்பு உண்டு.

“இல்ல அண்ணா,” என்றார் சஞ்சுக்தா. “முதல் நாளே நெஞ்சுக்குப் போயிருந்தது. நீங்க எது செஞ்சிருந்தாலும் இதான். கொழந்தை ஊஞ்சலாவது ஆடினாளே.”



சஞ்சுக்தாவின் இடது உள்ளங்கை அந்த இரண்டு வரிகளின் மேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. என் இடத்திலிருந்து அந்த எழுத்துத் தெரியாது. போனை வைத்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.